தலையாட்டினால் பத்து மார்க்

பர்வீனின் தலை அசையவில்லை.

எதிரெதிராக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் நான், இன்னொன்றில் பர்வீன். முட்டிக்கும் முட்டிக்கும் ஒரு சாண் இடைவெளி. பக்கத்தில் தனபாலன் சார், அட்டையில் செருகிய தாளும் கையில் பென்சிலுமாக நிற்கிறார். பர்வீன் ஒருமுறை தலையாட்டினால் தாளில் ஒரு கோடு. மூன்று நிமிடத்துக்குள் பத்துக் கோடு விழவேண்டும். இரண்டு நிமிடம் போய்விட்டது. பென்சில் இன்னும் அந்தரத்தில்தான் நிற்கிறது.

"ஆட்டும்மா, தலைய ஆட்டு" என்று சார் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார்.

பர்வீன் ஆட்டவில்லை. நானும் பேச்சை நிறுத்தவில்லை.

இப்படி நடுவிலிருந்து சொன்னால் யாருக்கும் விளங்காது. முதலிலிருந்து வருகிறேன்.

வேலை செய்யும் காதுகள் பதினொன்று

போன வாரம் குமாரபாளையத்தில் தறி ஓட்டிய நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். "அதுக்கப்புறம் எங்கே போனாய்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பி.எட். கல்லூரிக்குப் போனேன். படிக்க இல்லை. பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் ஃபெயிலாகி, அத்தோடு பையைத் தூக்கி மச்சில் போட்டவள் நான். அந்தக் கல்லூரியில் இங்கிலீஷ் லேபுக்கு ஆள் தேவைப்பட்டது. இங்கிலீஷ் வாத்தியார் ஆகப்போகிறவர்களுக்குக் காது கேட்கப் பழக்கும் லேப் அது.

முப்பது ஹெட்போன்கள். காலையில் ஒவ்வொன்றையும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்கவேண்டும். மணி அடித்ததும் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்கவேண்டும். உடனே ஒரு வெள்ளைக்காரம்மா பேசும். ரயில் எந்தப் பிளாட்பாரத்தில் வருகிறது, எவ்வளவு லேட், யார் யார் எந்தப் பெட்டியில் ஏறவேண்டும். அதைக் கேட்டு எல்லோரும் தாளில் 'ஏ'யா 'பி'யா என்று டிக் அடிக்கவேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

முப்பதில் பதினொன்றுதான் பாடும். மீதி பத்தொன்பதும் செத்துப்போய் எவ்வளவோ நாளாகிறது. யாரும் குறை சொன்னதில்லை. ஏனென்றால் அந்த வெள்ளைக்காரம்மா வருஷா வருஷம் ஒரே ரயிலைப் பற்றித்தான் பேசுகிறது. விடை முந்தைய செட்டிடமிருந்து இந்த செட்டுக்கு, இந்த செட்டிடமிருந்து அடுத்த செட்டுக்கு என்று பத்திரமாகக் கைமாறிக்கொண்டிருந்தது.

ஒருநாள் நான் பட்டனை அமுக்கவே மறந்துவிட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு எல்லோரும் புருவத்தைச் சுருக்கி, கண்ணை மூடி, ரொம்பக் கவனமாகக் கேட்டார்கள். பத்து நிமிடம் கழித்து தாளைக் கொடுத்தார்கள். ஒருத்தர் விடாமல் எல்லாமே சரி.

சார் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "லிஸனிங் ஸ்கில் பயங்கரமா இம்ப்ரூவ் ஆயிருக்கு" என்றார்.

"சார், இன்னைக்கு ஆடியோவே போடலீங்க" என்றேன்.

"குட், குட். இப்படியே கன்டினியூ பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆம்ப்ளிஃபயர் ஒயர் கருகி நாற்றமடிக்கிறது என்று மூன்று தடவை சொன்னபோதும் இதையேதான் சொன்னார். நான்காவது தடவை அதுவே புகை விட்டுத் தன் குறையைச் சொல்லிக்கொண்டது.

ஊக்கம் ஊட்டும் வெள்ளிக்கிழமை

கேட்கும் திறன் மட்டும் இருந்தால் போதாது, ஊக்கமும் வேண்டும் என்பது பாடத்திட்டம். அதற்காக வெள்ளிக்கிழமைதோறும் மோட்டிவேஷன் வகுப்பு. வகுப்பு என்றால் கைதட்டுதான். பிள்ளைகள் பதில் சொன்னால் எப்படியெல்லாம் தட்டவேண்டும் என்று பழக்குவார்கள். விரல் நுனியால் தட்டினால் மழைக் கைதட்டு. கையைச் சேர்த்து மேலே தூக்கி 'ஷூ' என்றால் ராக்கெட் கைதட்டு.

திருச்செங்கோட்டுப் பையன்கள் நான்கைந்து பேர் சேர்ந்து புதிதாக ஒன்று கண்டுபிடித்தார்கள். ஒரு முஷ்டியை இன்னொரு உள்ளங்கையில் வைத்து 'டர்ர்ர்' என்று திருகவேண்டும். அப்புறம் பத்து விரலையும் விரித்து மேலே வீசி 'புஸ்ஸ்' என்று கத்தவேண்டும். போர் போட்டுத் தண்ணீர் பீச்சியடிக்கிறதாம். அதற்கு ரிக் கைதட்டு என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கம் ரிக் வண்டியில் ஆள் போகாத வீடு குறைவு. அதனால் சாருக்கும் பிடித்துப்போனது. "லோக்கல் கல்ச்சர்! சூப்பர்!" என்றார்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. போனில் சொன்னபோது எங்கள் அண்ணன் குமரேசன் என்னைவிட அதிகமாகச் சிரித்தான். "எங்க கம்ப்ரஸர் சத்தத்த எவனாவது கையில தட்ட முடியுமா புள்ள?" என்று கேட்டான்.

அண்ணன் ரிக் வண்டியில்தான் இருந்தான். ராய்ப்பூர் பக்கம். வருஷத்தில் ஒன்பது மாதம் அங்கே, மூன்று மாதம் இங்கே. எங்கிருந்தாலும் சாயங்காலம் குளித்துவிட்டு எனக்குப் போன் போடுவான். அன்றைக்குப் போட்ட போர் எத்தனை அடி, தண்ணீர் வந்ததா, வெறும் புழுதி வந்ததா, சமையல் ஆள் குழம்பில் உப்புப் போட்டானா இல்லையா, எல்லாம் சொல்வான். நான் 'ம்' கொட்டுவேன்.

அவன் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். லேப் வாசலில் சார் நின்றிருந்தார்.

"என்ன மேகலா, லீவெல்லாம் நல்லபடியா போச்சா?"

"எங்கண்ணன் செத்துப்போயிட்டாங்க சார்."

"வெரி குட். அந்த ஹெட்போன் எல்லாத்தையும் தொடச்சு வெச்சிரு, தூசி படிஞ்சு கெடக்குது."

என்ன காரணத்துக்காக லீவு என்று லெட்டரில் எழுதித்தான் கொடுத்திருந்தேன். கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். சார் கெட்ட மனிதர் இல்லை. மழைக்காலத்தில் என்னைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் காரில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். கேட்பது எப்படி என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருக்கிறார். சொல்லிக்கொண்டே இருந்தால் எப்போது கேட்பது?

ஓ, ரியலி?

அந்த மாதம் செய்முறைத் தேர்வு வந்தது. இரண்டு இரண்டு பேராக உட்காரவேண்டும். ஒருத்தர் மூன்று நிமிடம் பேசவேண்டும், இன்னொருத்தர் கேட்கவேண்டும். அப்புறம் கேட்டவர் எழுந்து, கேட்டதை ஐந்து வாக்கியத்தில் இங்கிலீஷில் சொல்லவேண்டும்.

பேசுகிறவர் தமிழில் பேசலாம். கேட்கிறவர் இங்கிலீஷில் கேட்கவேண்டும். இது சார் போட்ட சட்டம். இங்கிலீஷில் எப்படிக் கேட்பது என்று நீங்கள் யோசிக்கலாம். தாளிலேயே இருந்தது. பத்துத் தலையாட்டல். மூன்று இடத்தில் 'ஐ சீ', 'ஓ, ரியலி?', 'வெரி இன்ட்ரஸ்டிங்'. முன்பக்கம் லேசாகச் சாய்ந்த உடம்பு. நடுநடுவே புன்னகை.

தேர்வுக்கு முன்னால் பழகிக்கொள்ள ஆள் கிடைக்காதவர்கள் என்னிடம் வருவார்கள். சுகன்யா என்று ஒரு பெண், படிப்பில் கெட்டி. மத்தியானம் ஹெட்போன் துடைத்துக்கொண்டிருந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

"அக்கா, சும்மா எதையாச்சும் பேசுங்கக்கா. நான் பிராக்டிஸ் பண்ணிக்கறேன்."

"என்னத்தப் பேசறது சாமி?"

"எதுன்னாலும் பரவால்லீங்க. உங்க ஊட்டுக் கதை சொல்லுங்க."

வீட்டில் அப்போது ஒரே ஒரு கதைதான் இருந்தது. "எங்கண்ணன் ராய்ப்பூர்ல இருந்தாரு" என்று ஆரம்பித்தேன்.

"ஐ சீ."

"போன மாசம் நெஞ்சு வலி வந்து, அங்கயே தவறிப்போயிட்டாருங்க."

"ஓ, ரியலி?" என்று சுகன்யா புன்னகை செய்தது. தலையை ஆட்டியது. "வெரி இன்ட்ரஸ்டிங். அப்பறம்?"

நான் அடுத்த ஹெட்போனை எடுத்துத் துடைத்தேன். சுகன்யா, "அக்கா, எத்தன தடவ தலையாட்டுனேன்னு எண்ணுனீங்களா?" என்று கேட்டது.

"ஏழுங்க."

"அய்யோ, இன்னும் மூணு வேணுமே!"

அது மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாதிச் சிரிப்புக்கூட வந்தது. ஆனால் இனி இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அன்றைக்கு முடிவுசெய்தேன்.

முப்பத்தொன்றாவது ஆள்

தேர்வு நாளில் முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பதினைந்து ஜோடி போக மிஞ்சியது பர்வீன். வாழப்பாடிப் பெண். அப்பாவுக்குக் கடைவீதியில் பை, குடை விற்கும் கடை. வகுப்பில் கடைசி வரிசை. அதன் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

"மேகலா, நீ உக்காரு" என்றார் சார்.

"நானுங்களா சார்? நான் என்னத்தங்க பேசறது?"

"என்னத்தையாவது பேசு. மூணு நிமிஷம் வாய் அசைஞ்சாப் போதும்."

மற்ற ஜோடிகளெல்லாம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். பதினைந்து ஜோடியும் ஏற்காட்டுக்குச் சுற்றுலா போய் வந்தன. பதினைந்து ஜோடியும் படகில் ஏறின. நோட்ஸில் அப்படித்தான் இருந்தது. சார் பதினைந்து தடவையும் சந்தோஷமாகக் கோடு போட்டார்.

எனக்கு நோட்ஸ் தெரியாது. பர்வீன் எதிரில் உட்கார்ந்து, "சொல்லுங்கக்கா" என்றது. ரொம்ப மெதுவாக. நான் எங்கள் ஊர்க் கோழிப்பண்ணையைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

அம்மாவிடம்கூடச் சொல்லாதது வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு, அம்மாவின் போனில் நான் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். குக்கரில் கேக் செய்வது எப்படி என்று ஒரு வீடியோ. அண்ணன் பேசிக்கொண்டே இருந்தான். ஐந்நூறு அடியில் தண்ணீர் வந்ததாம். அந்த விவசாயி போர்க் குழிக்கு மஞ்சளும் பூவும் போட்டானாம். அவனுடைய சின்ன மகள் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்ததாம், உன்னை மாதிரியே கோணல் வகிடு என்றான்.

நான் 'ம்' என்றேன்.

"காலைலருந்து எடது தோளு இழுத்துப் புடிக்குது புள்ள. கம்பி தூக்குனதுல சுளுக்கிருச்சாட்ட இருக்குது" என்றான்.

'ம்' என்றேன். மாவை எத்தனை நிமிடம் கலக்கவேண்டும் என்று அந்த வீடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஆசுபத்திரிக்கு நாளைக்குப் போலாமான்னு பாக்கறேன்."

'ம்.'

"ஏம் புள்ள, கேக்கறயா?"

"கேக்கறேன், நீ சொல்லு."

"சரி, சாப்புட்டுட்டுப் படு. நாளைக்குக் கூப்பிடறேன்."

மறுநாள் காலையில் வண்டி ஓனர்தான் கூப்பிட்டார்.

இதைத்தான் பர்வீனிடம் சொன்னேன். சொல்லும்போது அதன் தலை அசையவில்லை. முதலில் அது கேட்கவில்லை என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் வாய் கொஞ்சம் திறந்திருந்தது, கண் என் மேலிருந்து விலகவில்லை. தோளில் போட்டிருந்த துப்பட்டா நழுவித் தரையில் கிடந்தது. அதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

"டைம் ஓவர். ரிப்போர்ட்" என்றார் சார்.

பர்வீன் எழுந்தது. ஒரு வாக்கியமும் வரவில்லை. அழுதது.

சார் தாளைப் பார்த்தார். "வாட் ஈஸ் திஸ் பர்வீன்? கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. ஒரு நாட் இல்ல, ஒரு ஐ சீ இல்ல, ஒரு ஸ்மைல் இல்ல. நீங்க லிஸன் பண்ணவே இல்ல." பத்துக்கு இரண்டு மார்க். கண்ணைப் பார்த்ததற்கு ஒன்று, நேரத்துக்கு வந்ததற்கு ஒன்று. கீழே 'ஊக்கம் குறைவு' என்று எழுதினார். அப்புறம் அதற்கு ஊக்கம் வரட்டும் என்று எல்லோரையும் ராக்கெட் கைதட்டு தட்டச் சொன்னார். முப்பது பேரும் 'ஷூ' என்றார்கள்.

பயிற்சி

மத்தியானம் பர்வீனை லேபுக்கு வரச் சொன்னேன். டிபன் பாக்ஸைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"இதுல பாஸாகலைன்னா இந்த டெர்ம் ஸ்கூலுக்குப் பாடம் நடத்த அனுப்பமாட்டாங்கக்கா" என்றது. "ஸ்கூலுக்குப் போகலைன்னா கோர்ஸ் முடியாது. எங்க அத்தா இந்த ஒரு வருஷம்தான்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காரு. அப்பறம் கல்யாணப் பேச்சுதான்."

என் கதையால் ஒரு பெண்ணுக்குப் படிப்பு போகப்போகிறது.

"ஏனுங்க பர்வீன், ஒரு பத்து தடவ தலைய ஆட்டியிருக்கலாமில்லீங்க?"

"எப்புடிக்கா ஆட்டறது?" என்று கேட்டது. கோபமாகவே கேட்டது.

நான் எழுந்து சாரைத் தேடிப் போனேன்.

கெஞ்சிக் கேட்டதில் வெள்ளிக்கிழமை மறுதேர்வு வைக்க சார் ஒத்துக்கொண்டார். அதே ஜோடி. வெளிக் கல்லூரியிலிருந்து ஒருத்தர் வந்து மேற்பார்வை பார்ப்பார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"இந்தத் தடவ கோழிப்பண்ணைக் கதை சொல்றனுங்க. அதுக்கு ஆரும் அழுவமாட்டாங்க. நான் மூக்கச் சொறிஞ்சா நீங்க தலைய ஆட்டுங்க. முட்டைன்னு சொன்னா ஐ சீ. தீவனம்னு சொன்னா ஓ ரியலி."

மூன்று நாள் பழகினோம். பத்தாம் வகுப்பில் ஃபெயிலான நான் இங்கிலீஷ் டீச்சருக்குப் பாடம் எடுத்தேன். நன்றாகவே வந்தது. ஒருநாள் நான் நிஜமாகவே மூக்கு அரித்துச் சொறிந்தேன், அதற்கும் தலையாட்டியது. இரண்டு பேரும் சிரித்தோம். அண்ணன் போன பிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அக்கா, ரிப்போர்ட்ட நானே ரெடி பண்ணிக்கறேன்" என்றது பர்வீன்.

ஐந்து வாக்கியம்

வெள்ளிக்கிழமை. அதே இரண்டு நாற்காலிகள். வெளியிலிருந்து வந்தவர் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, வந்ததிலிருந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் ஆரம்பித்தேன். ஒரு ஷெட்டில் எத்தனை கோழி, வெயில் காலத்தில் தண்ணீர் எப்படித் தெளிப்பது, தீவனத்தில் என்ன கலப்பது, முட்டை அட்டையை லாரியில் எப்படி அடுக்குவது. மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பர்வீன் சொல்லிவைத்த மாதிரி தலையாட்டியது. ஐ சீ என்றது. ஓ ரியலி என்றது. அடி முட்டை நொறுங்கும் இடத்தில் புன்னகைகூட வந்தது. சார் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. ஒன்பது, பத்து, பதினொன்று. ஒரு கோடு கூடுதல்.

"நவ், ரிப்போர்ட்."

பர்வீன் எழுந்து நின்றது. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தது. எனக்கு என்ன புரியப்போகிறது என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாக்கியத்தில் 'குமரேசன்' என்றது.

நான் திரும்பினேன். இரண்டாவதில் ராய்ப்பூர், போர்வெல். மூன்றாவதில் ஸ்மால் கேர்ள், டீ. நான்காவதில் ஷோல்டர், போன், குக்கர் கேக். நடுவில் உள்ள இங்கிலீஷ் எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்த சொற்களே போதுமாக இருந்தன. ஐந்தாவது வாக்கியம் நீளம். அதில் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை.

கோழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று சாரைப் பார்த்தேன். சார் இடது கை விரலை மடக்கிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாவது விரல் மடங்கியதும் முகம் மலர்ந்தது.

"எக்ஸலண்ட்! இதுதான் லிஸனிங். டென் அவுட் ஆஃப் டென்!"

வெளியிலிருந்து வந்தவர் போனிலிருந்து நிமிர்ந்து, "வெரி குட் பெர்ஃபார்மன்ஸ்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"எல்லாரும் பர்வீனுக்கு ஒரு ரிக் கைதட்டு!" என்றார் சார்.

முப்பது பேரும் முஷ்டியை உள்ளங்கையில் வைத்துத் திருகினார்கள். டர்ர்ர். அப்புறம் விரலையெல்லாம் விரித்து மேலே வீசினார்கள். புஸ்ஸ்.

எங்கள் அண்ணனுக்குத் தண்ணீர் வந்தது.

கடைசியில் சொன்னது

எல்லோரும் போன பிறகு பர்வீன் லேபில் வந்து உட்கார்ந்தது. இன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறந்தது. பாதியை மூடியில் போட்டு என் பக்கம் தள்ளியது.

"அஞ்சாவதா நீளமா என்னமோ சொன்னீங்களே, என்னங்க அது?" என்று கேட்டேன்.

"'அவங்க அண்ணன் அன்னைக்குப் பேசுனது ஒண்ணு விடாம அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. அந்தப் பொண்ணோட வகிடுகூட ஞாபகம் இருக்கு. அப்படின்னா அவங்க கேட்டுட்டுத்தான் இருந்திருக்காங்க.' அதான்க்கா சொன்னேன்."

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. இத்தனை நாளாக யாராவது இதைச் சொல்லமாட்டார்களா என்று நான் ஏங்கியிருக்கவேண்டும். சொன்னதும் முதலில் நெஞ்சு லேசானது. உடனே இன்னொன்று தோன்றியது. தோன்றியதை மறைக்காமல் கேட்டேன்.

"கேக்கலைன்னாக்கூட, ஏதோ கவனமில்லாம இருந்துட்டேன்னு சொல்லிக்கலாமுங்க பர்வீன். கேட்டேன்னு வெச்சுக்கிட்டா? தோளு வலிக்குதுன்னு சொன்னதும் காதுல உழுந்திருக்குது. இன்னைக்கே போண்ணான்னு ஒரு வார்த்த சொல்லாம உட்டுட்டனே. அதுக்கு என்னங்க சொல்றது?"

பர்வீன் என்னைப் பார்த்தது. ஐ சீ என்று சொல்லவில்லை. அப்படியெல்லாம் இல்லைக்கா என்றும் சொல்லவில்லை. வெளியே யாரோ சைக்கிள் பெல் அடித்துக்கொண்டு போனார்கள். அது மூடியிலிருந்த சோற்றை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முட்டியில் கையை ஊன்றி அப்படியே உட்கார்ந்திருந்தது.

தலை அசையவில்லை.